இளைப்பு ஆறட்டும்



போன மாதம் ஒரு நாள் தீர்த்தமலையில், இராமர் தீர்த்தத்துக்கு அடியில் என் முறைக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். கிறிஸ்தவப் பத்திரிகை நடத்துகிறவருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். அரூரில் என்னோடு பள்ளியில் படித்த நண்பன் குடும்பத்தோடு ஒரு வேண்டுதலைத் தீர்க்க வந்திருந்தான். "மலையடி வரைக்குமாவது வாடா, உக்காந்து பேசி எத்தனை வருசமாச்சு" என்றான். அடி வரைக்கும் என்று கிளம்பியவன், பேச்சு சுவாரசியத்தில் படியேறி மேலேயே போய்ச் சேர்ந்துவிட்டேன்.

அரூரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். தீர்த்தகிரீசுவரர் கோயில் கொண்ட மலை, அருணகிரிநாதர் பாடிய தலம். இராமர், அகத்தியர், குமாரர், கௌரி, அக்கினி என்று மேலே தீர்த்தங்கள். இராமர் தீர்த்தம் என்றதும் அருவி என்று நினைத்துவிடாதீர்கள். உயரத்தில் ஒரு பாறையிலிருந்து மெல்லிய தாரையாகத்தான் நீர் விழுகிறது. காற்று வீசினால் ஒரு முழம் தள்ளிப்போய் விழும். நிற்கிறவர் அதன் பின்னே நகர்ந்து தலையைக் கொடுக்க வேண்டும். ஒருவர் நனைந்து முடிக்க ஆகிற நேரம் ஆகியே தீரும்.

எனக்கோ பொறுமை இல்லை. அச்சகத்திலிருந்து மூன்று முறை போன் வந்திருந்தது. அட்டைப்படம் முடிவாகவில்லை. இந்தப் பக்கம் எழுதப்படவே இல்லை. என்ன எழுதுவது என்பது மட்டும் இரண்டு மாதம் முன்பே முடிவாகியிருந்தது: அவசர வாழ்க்கையில் இளைப்பாறுதல்! வரிசையில் நின்றபடியே போனில் அச்சகத்துக்குப் பதில் தட்டிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் நின்ற பாட்டி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தண்ணி அது பாட்டுக்கு ஊத்தும் சாமி. நீ போனைப் பையில வெச்சாத்தான் தலை நனையும்."

வைத்தேன்.

இறங்கி வரும்போது நண்பன் அந்த மலையின் கதையைச் சொன்னான். இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் இராமர் பூசைக்குத் தண்ணீர் கொண்டுவர அனுமனைக் காசிக்கு அனுப்பினாராம். அவர் வந்து சேர நேரமாகிவிட்டது. இராமர் பாறையில் அம்பு எய்ய, அங்கேயே நீர் பிறந்ததாம். அனுமன் கொண்டுவந்த நீர் போய் விழுந்த இடம் பெண்ணையாற்றங்கரையில் அனுமன்தீர்த்தம். "பாத்தியா, காசிக்கும் இங்கைக்கும் பறந்தவருக்கே லேட்டாயிடுச்சு" என்று சிரித்தான். அவன் யாரை மனதில் வைத்துச் சொன்னான் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து மாற்கு சுவிசேஷத்தை எடுத்து வைத்துக்கொண்டு, முதல் அதிகாரத்தை நிதானமாகப் படித்தேன். பல வருடம் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த பகுதிதான். கப்பர்நகூமில் ஓர் ஓய்வுநாள். காலையில் ஜெப ஆலயத்தில் போதனை, அங்கேயே பிசாசு பிடித்த ஒருவனுக்கு விடுதலை, பிறகு சீமோன் வீட்டில் காய்ச்சலாய்க் கிடந்த மாமியாருக்குச் சுகம். பொழுது சாய்ந்ததும் ஊரே வாசலில் வந்து நிற்கிறது. இருட்டும் வரை வேலை. மறுநாள் விடிவதற்கு நெடுநேரம் முன்பே இயேசு எழுந்து, ஆளில்லாத இடத்துக்குப் போய் ஜெபம் செய்துகொண்டிருக்கிறார். சீமோனும் மற்றவர்களும் தேடிப் பிடித்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறார்கள்.

இங்கேதான் நான் இத்தனை வருடம் கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறேன். அதிகாலையில் எழுந்து ஜெபித்தார், நாமும் எழ வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளுக்கு ஒரு வசனத்தை மனப்பாடம் செய்யக் கொடுத்துவிடுவேன். தேடி வந்தவர்களுக்கு இயேசு என்ன பதில் சொன்னார்? சரி வாருங்கள் போகலாம் என்று அந்த வாசலுக்குத் திரும்பவில்லை. அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றார். கப்பர்நகூமில் அன்று காலை அவரைத் தேடி வந்தவர்களில் நோயாளி ஒருவராவது இருந்திருக்க மாட்டாரா? இருந்திருப்பார். வேலை மிச்சம் இருந்தது. மிச்சம் இருக்கும்போதேதான் அவர் எழுந்து போனார்.

நாம் ஓய்வை எப்படி வைத்திருக்கிறோம்? எல்லாம் முடிந்த பிறகு கிடைக்கும் கூலியாக. மகள் கல்யாணம் முடியட்டும், வீட்டுக்கடன் அடையட்டும், இந்த இதழ் அச்சுக்குப் போகட்டும். அந்தக் கணக்கில் பார்த்தால் இயேசுவுக்கு ஒரு நாளும் ஓய்வு கிடைத்திருக்காது. உலகத்தில் நோய் தீர்ந்துவிட்டது என்று அவர் காத்திருக்க முடியுமா? சொல்லப்போனால் ஊழியம் தொடங்கும்போது அவருக்கு ஏறக்குறைய 30 வயது என்கிறார் லூக்கா. அதுவரை ஒரு சின்ன ஊரில் தச்சு வேலை. இன்றைக்கு ஒரு சபையில் அப்படி ஓர் இளைஞர் இருந்தால், இவ்வளவு தாலந்தை வைத்துக்கொண்டு காலத்தை வீணாக்குகிறாயே என்று நாமே போய்ப் பேசியிருப்போம்.

அதே மாற்கு 6ஆம் அதிகாரத்தில் இன்னொரு காட்சி. ஊர் ஊராகப் போய்த் திரும்பிய சீடர்களுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை. தனியிடத்துக்கு வந்து கொஞ்சம் இளைப்பாறுங்கள் என்று இயேசு அவர்களைப் படகில் அழைத்துப் போகிறார். ஆனால் கூட்டம் கரையோரமாக ஓடி முந்திக்கொள்கிறது. படகை விட்டு இறங்கினால் அங்கேயும் ஜனம்! அவருக்கு மனம் உருகுகிறது, போதிக்கிறார், பொழுது போய்விடுகிறது, ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு. போட்ட திட்டம் பாழ். வாசகர்களில் தாய்மார்களுக்கு இது நன்றாகப் புரியும். கண்ணயர்ந்த அரை மணியில் பிள்ளை எழுந்துகொள்கிற கதைதான். ஆனால் அத்தோடு முடியவில்லை. அன்று மாலையே சீடர்களைப் படகேற்றி அனுப்பி, கூட்டத்துக்கும் விடைகொடுத்துவிட்டு, அவர் மட்டும் மலைக்குப் போகிறார். பகலில் பறிபோனதை இரவில் எடுத்துக்கொண்டார். கூட்டத்துக்கு விடைகொடுப்பது என்பது, அதில் யாரோ ஒருவர் சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பிப் போவதுதான். எனக்கு வராத கலை அது.

இளைப்பாறுதல் என்ற சொல்லையே கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். இளைப்பு, ஆறுதல். களைப்பு ஆற வேண்டும். சூடான கஞ்சி ஆறுவது போல, புண் ஆறுவது போல. கஞ்சியையாவது விசிறலாம், புண்ணை யாராலும் அவசரப்படுத்த முடியாது. ஓய்வு என்ற சொல்லும் விசித்திரமானது. 'ஓய்ந்திருந்தான்' என்றால் வேலையை நிறுத்தினான். 'ஓய்ந்துபோனான்' என்றால் முடியாமல் விழுந்தான். முதலாவதைச் செய்யாதவனுக்கு இரண்டாவது வந்து சேர்கிறது.

டோனாவூரில் குழந்தைகளை வளர்த்த எமி கார்மைக்கேல் முதலாவதையும் அறிந்தவர். பிள்ளைகளும் ஊழியர்களும் கோடைக்கு ஒதுங்கி இருக்க 1917இல் மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் ஓர் இடம் வாங்கினார். 1931இல் விழுந்து அடிபட்டபின் 1951இல் மறையும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார். அங்கிருந்தே பல புத்தகங்கள் எழுதினார். மேடைகளில் இந்த இரண்டாம் பாதியைத்தான் எப்போதும் சொல்கிறார்கள்: படுக்கையிலும் சும்மா இருக்கவில்லை பாருங்கள்! அந்தக் காட்டு வீட்டைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. நோயைக்கூட உழைப்பாக்கினால்தான் நமக்குத் திருப்தி.

தீர்த்தமலையிலிருந்து ஊத்தங்கரை வழியாகப் போனால் திருப்பத்தூர் வரும். அங்கே 1921இல் இரண்டு மருத்துவர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் தமிழர், சவரிராயன் ஜேசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர், எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன். ஊருக்கு அவர்கள் பெரியண்ணன், சின்னண்ணன். இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை, கதர் உடுத்தினார்கள், ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தார்கள். வைத்தியசாலை வாசலில் எத்தனை பேர் காத்திருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வரிசை குறையட்டும், பிறகு ஜெபத்துக்கு இடம் பார்ப்போம் என்று அவர்கள் தள்ளிப்போடவில்லை. நம் கோயில்களைப் போலவே கோபுரத்தோடு ஒரு ஜெபாலயத்தை எழுப்பினார்கள். மருந்தும் மௌனமும் ஒரே வளாகத்தில். ஜேசுதாசன் ஆசிரம வாழ்வைப் பற்றிப் புத்தகமே எழுதியிருக்கிறார்.

உலகத்தை விட்டு ஒதுங்கிய கூட்டம் என்று யாராவது சொன்னால், 1932இல் சென்னையில் நடந்ததைச் சொல்லுங்கள். கதர் உடுத்திய சின்னண்ணனை மறியல்காரர் என்று எண்ணிப் போலீசார் அடித்தார்கள். ஒரு வெள்ளைக்கார மருத்துவரே அடிபட்ட அந்தச் செய்தி லண்டன் நாடாளுமன்றம் வரை போனது. அமைதியாக உட்காரத் தெரிந்தவர்தான் அந்தத் தெருவிலும் நின்றிருக்கிறார்.

இந்தத் தலைப்பில் எழுதப்போகிறேன் என்று சொன்னதும் ஒசூரில் வேலை பார்க்கும் ஒரு வாசகி கேட்டார்: "ஐயா, ஓய்வெடுங்கன்னு எழுதிடுவீங்க. நான் ஓய்ஞ்சா அடுப்பு எரியுமா?" நியாயமான கேள்வி. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்து, துணி துவைத்து, மாவாட்டி வைத்துவிட்டு, ராத்திரி பஸ்சில் நின்றபடி திரும்பிப் போகிறவர்கள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேர். அவர்களிடம் அதிகாலை நாலு மணிக்கு எழுந்து தியானம் செய்யுங்கள் என்று நான் சொன்னால் அது இன்னொரு சுமைதான்.

அவருக்கு நான் சொன்னது சீகார் ஊர்க் கிணறு. நடந்து களைத்த இயேசு, உச்சிப்பொழுதில், யாக்கோபின் கிணற்றருகே அப்படியே உட்கார்ந்துவிட்டார் என்று யோவான் எழுதுகிறார். ஜெபித்தார் என்றுகூட அங்கே இல்லை. களைப்பு, அதனால் உட்கார்ந்தார். பக்கத்தில் யாராவது வந்தால் குடிக்கத் தண்ணீர் கேட்கலாம், அவ்வளவே. 2021இல் நம் சட்டமன்றம் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று விதித்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதுவரை பெரிய ஜவுளிக்கடைகளில் நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் பகல் முழுக்கக் கால்கடுக்க நின்றார்கள். தீபாவளிக்கும் கிறிஸ்துமசுக்கும் புடவையைப் பிரித்துப் போடச் சொல்லி அந்தப் பிள்ளைகளை நிற்க வைத்தவர்களில் நானும் ஒருவன். உட்காருவதற்கே ஒரு சட்டம் தேவைப்பட்ட இடத்தில், ஓய்வு என்பது என் சொந்த மனஅமைதி மட்டும் இல்லை. என்னால் இன்னொருவர் நிற்கிறாரா என்றும் பார்க்க வேண்டும். உபாகமத்தில் ஓய்வுநாள் கட்டளை வேலைக்காரரையும் மாட்டையும் கழுதையையும் சேர்த்தே பேசுகிறது. எங்கள் பக்கத்து விவசாயிகளும் அமாவாசையன்று ஏர் பூட்ட மாட்டார்கள். மழை பெய்து நிலம் பதமாக இருந்தாலும் சரி, அன்று காளைகளுக்கு நுகம் கிடையாது.

நுகம் என்றதும் மத்தேயு 11ஆம் அதிகாரம் நினைவுக்கு வரும். வருத்தப்பட்டுப் பாரம் சுமப்பவர்களை அழைத்த கையோடு, இயேசு ஒரு நுகத்தைத்தான் நீட்டுகிறார். கட்டிலை அல்ல. நம் பழைய திருப்புதலில் அந்த நுகத்துக்கு 'மெது' என்ற சொல் வருகிறது. மென்மை, கழுத்தை உறுத்தாதது என்ற பொருளில் போட்டார்கள். இன்றைய காதுக்கு 'மெதுவான நுகம்', வேகம் குறைந்த நுகம் என்று கேட்கிறது. மொழிபெயர்த்தவர்கள் நினைத்தது அதுவல்ல. ஆனாலும் எனக்கு இந்தத் தவறான பொருளும் பிடித்திருக்கிறது. உழுதவர்களைக் கேட்டுப் பாருங்கள்: புதுக்கன்றைப் பழகிய காளையோடுதான் பூட்டுவார்கள். கன்று முட்டி மோதி முன்னே ஓடப் பார்க்கும். பெரிய காளை தன் நடையை மாற்றாது. நாலு சாலில் கன்றுக்கு அந்த நடை வந்துவிடும்.

கடைசியாக ஒரு படகு. புயலில் இயேசு தூங்கிக்கொண்டிருந்ததை மூன்று சுவிசேஷங்கள் சொல்கின்றன. தலைக்கு அணை வைத்திருந்தார் என்பதை மாற்கு மட்டும்தான் சொல்கிறார். எத்தனையோ பெரிய விஷயங்களைச் சுருக்கமாகத் தாண்டிப்போகிற மாற்கு, அந்தத் தலையணையை விடவில்லை.

இனி அலுவலக விஷயம். இந்த இதழ் நான்கு நாள் பிந்தி உங்கள் கைக்கு வந்திருக்கிறது. அச்சகத்தைக் குறை சொல்ல வேண்டாம், தபால்காரரையும் வேண்டாம், காரணம் நான்தான். மலையிலிருந்து வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மெய்ப்புத் திருத்துவதை நிறுத்திவிட்டோம். வடிவமைக்கும் தம்பி முதல் ஞாயிறு மதியம் எனக்குப் போன் செய்து, உண்மையாகவே வர வேண்டாமா என்று இரண்டு முறை கேட்டார். அலுவலகத் தொலைபேசியும் அன்று எடுக்கப்படாது. சந்தா, முகவரி மாற்றம், பிரதி வரவில்லை என்ற கோபம் எல்லாவற்றையும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குமேல் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்