தாயம்

தாயம் என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. முன்னோர் விட்டுச்சென்ற உரிமை ஒன்று. உருட்டுங் கட்டையில் விழும் ஒன்று என்னும் எண் மற்றொன்று. பங்காளியைத் தாயாதி என்று நாம் அழைப்பது முதற்பொருள் பற்றியே. ஆட்டத்திலோ, தாயம் விழுந்தாலன்றிக் காய் கட்டத்துள் இறங்காது.

இலங்கையின் மிக உயர்ந்த ரயில் நிலையம் பட்டிப்பொலவில் உள்ளது. உயரம் ஏறத்தாழ 6,200 அடி. அதற்குக் கீழ்ச் சரிவுகளில் உள்ள தோட்டங்களில் மழை பிடித்துக்கொண்டால் எளிதில் விடாது. லயத்து இஸ்தோப்பில் கரியால் கட்டம் கீறினால் பொழுது போய்விடும். பித்தளைக் கட்டை இல்லாத வீட்டில், ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டைகளே போதும்.

மாணவ அன்பர்கள் ஒன்று கணக்கிட்டுப் பார்க்கலாம். கட்டை ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம்: 1, 2, 3, வெறுமை. இரண்டு கட்டைகளும் விழும் வகை 16. அவற்றுள் மூன்று நான்கு வகையில் விழும்; இரண்டும் நான்கும் மும்மூன்று வகையில். தாயமும் ஐந்தும் இவ்விரண்டு வகையிலேயே விழும். ஆறும், இரண்டும் வெறுமையாகிய பன்னிரண்டும் ஒவ்வொரு வகையில் மட்டுமே. மறுபடி உருட்டும் உரிமை எவற்றுக்கு? தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு. அருகி விழுவனவற்றுக்கே அவ்வுரிமை! ஏட்டுக் கணக்கு அறியாத பாட்டிமார் இவ்விதியைப் பிசகாது காத்து வந்தனர்.

கவறு, பகடை என்பனவும் இக்கருவியின் பெயர்களே. மொகஞ்சதாரோவில் சுட்ட மண் பகடைகளும், கீழடியில் தந்தப் பகடையும் கிடைத்துள்ளன. இருக்கு வேத காலத்துச் சூதாடிகள் தான்றிக்காயை உருட்டினர். வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அதில் கழகம் என்பது சூதாடுமிடம். இன்று சங்கங்களுக்கு அப்பெயரைச் சூட்டுவோர் இதனை நினைப்பதில்லை போலும்.

சித்திரைப் புத்தாண்டில் சிங்கள அயலவர் சோழிகளைச் சிரட்டையில் குலுக்கிப் ‘பஞ்ச’ ஆடுவர். ஒலி கேட்டதும் நம் பிள்ளைகளும் ஓடிப்போய் நிற்பார்கள்.

முதற்பொருளின் கதை வேறு. 1948 ஆம் ஆண்டுச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1964 இல் இரு நாட்டுத் தலைவர்கள் 9,75,000 பேரைப் பங்கிட முனைந்தனர்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் பேசிக்கொள்வதாக நின்றது. யாருடைய பெயர் எப்பங்கில் விழும் என்று லயங்களில் காத்திருந்தனர். ஒரே வீட்டார் இரு கரைகளில் பிரிந்ததும் உண்டு. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் நிறைவேறியது. குடியிருக்கும் லயத்துக்கும் அதைச் சுற்றிய காணிக்கும் உறுதிப்பத்திரம் இல்லாத குடும்பங்கள் இன்றும் பல.