நாணயந் தேடுவோர் நாணயம்

ஐக்கிய அமெரிக்க நாட்டிலே காசு சேர்ப்போரிடம் ஒரு வழக்கம் உண்டு. வங்கியிலே காசுச் சுருள்களை முகப்பெறுமதிக்கே வாங்குவர். வீட்டில் அவிழ்த்து ஒவ்வொன்றாக ஆராய்வர். அரியனவற்றை வைத்துக்கொண்டு எஞ்சியவற்றை மீண்டும் வங்கியிற் சேர்ப்பர். அரை டொலர்க் காசு 20 கொண்ட சுருளொன்று 10 டொலர். 1964ஆம் ஆண்டில் அடித்த அரை டொலரில் நூற்றுக்கு 90 பங்கு வெள்ளி. 1965 முதல் 1970 வரை அடித்தவற்றில் 40 பங்கு. 1971 தொடக்கம் புழக்கத்துக்கு விட்டவற்றில் வெள்ளியே இல்லை. ஆகவே, பழைய காசொன்று அகப்பட்டால் அதன் வெள்ளி முகப்பெறுமதியைப் பன்மடங்கு விஞ்சும்.

இஃது அறமாகுமோ என வினவுவாரும் உளர். ஆகும் என்பதே எம் கருத்து. சுருளிலுள்ள காசு பலர் கைமாறிப் பொதுவில் வந்தது. கண்ணும் பொறுமையுமே தேடுவோன் இடும் முதல்.

ஆயின், பாட்டனார் பேணிவைத்த வெள்ளிக் காசை அதன் அருமை அறியாச் சிறுவன் கடையிலே நீட்டுகின்றான். காசுப்பெட்டியருகே இருப்பவன் அறிந்தும் வாய் திறவாது அதனைத் தனதாக்கிக்கொள்கின்றான். இதனை யாம் ஒப்போம். இங்கே இழப்பவன் முகம் கண்முன் நிற்கின்றது. உண்மையைச் சொல்லிய பின் வாங்குவதே முறை. அவ்வாறே, திருப்பிக் கொடுக்குஞ் சுருளில் ஒரு காசு குறைப்பினும் அது களவே.

காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்னும் ஒரே சொல்லை வைத்திருக்கின்றது நம் மொழி. முன்னதைத் தேடுவோர் பின்னதை இழவாதிருப்பாராக.