வெறுமையாகத் திரும்பும் வண்டி

‘துஷ்பிரயோகம்’ என்ற சொல்லைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டியிருக்கிறது. 1990 என்ற இலக்கத்தை அழைத்து, உயிர்போகும் அவசரம் எதுவுமில்லாத நோயாளியை அம்பியுலன்ஸில் ஏற்றி விடுகிறவர்களை நமது படித்த கூட்டம் இந்தச் சொல்லால்தான் அடிக்கிறது. கூட்டங்களில் சொல்கிறார்கள்; கலியாண வீட்டுப் பந்தலில் சொல்கிறார்கள். சொல்கிறவர்களில் அநேகரின் வீட்டு முற்றத்தில் ஒரு வாகனம் நிற்கிறது. தனது வாகனத்தை ஒருவன் எதற்கும் பாவிக்கலாம், அது பிரயோகம். வாகனம் இல்லாதவன் இருப்பதையெல்லாம் பாவித்துப் பார்த்தால் அது துஷ்பிரயோகம்.

சில வருடங்களுக்கு முன் என் சாச்சி கால் முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். பக்கத்துக் கட்டிலில் படுவான்கரையிலிருந்து வந்த ஒரு வயோதிபத் தாய். இருவருக்கும் ஒரே பிற்பகலில் துண்டு வெட்டிவிட்டார்கள். கட்டில் வேண்டும், வெளியே நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்கள் காத்திருக்கிறார்கள். அதில் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. வாசலுக்கு வந்தபோது அந்தத் தாயின் ஊர்ப்பக்கத்துச் சிறிய ஆஸ்பத்திரியின் அம்பியுலன்ஸ், கொண்டுவந்த நோயாளியை இறக்கிவிட்டுத் திரும்பத் தயாராக நின்றது. அவரது மகன் ஓடிப்போய்க் கேட்டார்: “அண்ணன், வெறுமையாத்தானே போறீங்க, எங்கட அம்மாவையும் ஏத்திற்றுப் போங்களன்.” சாரதி சொன்னார்: “ஏத்த ஏலா தம்பி. சட்டம்.” சொல்லும்போது அவர் அந்தத் தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டி வெறுமையாகப் போனது. பிறகு அந்த மகன் ஒரு வான்காரரோடு கூலி பேசிக்கொண்டு நின்றார். அவர் கேட்ட தொகை அந்த இளைஞரின் நான்கைந்து நாள் கூலிக்குச் சமம். எங்களிடம் வாகனம் இருந்தது. நாங்கள் எதிர்த்திசையில் போனோம்.

இந்தக் கட்டுரை அந்த எதிர்த்திசையிலிருந்து எழுதப்படுகிறது.

மட்டக்களப்பு வாவியை அழகு என்று எழுதிப் பழகியவர்கள் நாம். அது ஐம்பது கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு கிடந்து இந்த மாவட்டத்தை இரண்டாகப் பிளக்கும் நீர் என்பதை எழுதியது குறைவு. கிழக்கே எழுவான்கரையில் போதனா வைத்தியசாலை, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைகள், பிரதான வீதி, பஸ். மேற்கே படுவான்கரையில் வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளி என்று பரந்து கிடக்கும் வயலும் குளமும் காடும். மண்முனையில் பாலம் திறக்கப்பட்டது 2014 இல்தான். அதுவரை பாதை எனப்பட்ட மிதவையிலேயே சனம் கடந்தது. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும் பல்லாண்டுகளாக அதுவே வழி. 2007 வரை இந்த வாவி இரண்டு அதிகாரங்களுக்கு இடையிலான எல்லையாகவும் இருந்தது. நோயாளி எதிர்க்கரையை அடைய நீரை மட்டுமல்ல, சோதனைச் சாவடியையும் தாண்ட வேண்டியிருந்தது. இன்று சாவடி இல்லை. ஆனால் மாலைக்குப் பிறகு பஸ் இல்லை. இரவில் வீதியில் யானை நிற்கிறது. 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் போல வெள்ளம் ஏறினால் உழவு இயந்திரமும் தோணியும்தான் வாகனம்.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் ‘சுவசெரிய’ வந்தது. இந்தியாவின் நன்கொடையில் 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு தொடங்கி, பின்னர் 297 வண்டிகளாக ஒன்பது மாகாணங்களுக்கும் விரிந்த சேவை. 2018 இல் அதற்கென்று ஒரு சட்டமே இயற்றப்பட்டது. காசு இல்லை, சிபாரிசு இல்லை, நீ எந்த இனம் என்ற கேள்வி இல்லை. நமது நாட்டில் ஏழைக்கு உரிமையோடு கிடைத்த நல்ல காரியங்களில் இதுவும் ஒன்று. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது ஒரு வழிப் பயணம். அவசர நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது அதன் வேலை. அவரைத் திரும்ப வீட்டில் சேர்ப்பது அதன் வேலையல்ல. வாரத்தில் இரண்டு மூன்று தடவை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவரை, பாரிசவாதத்தில் விழுந்து மாதமொருமுறை கிளினிக் போக வேண்டியவரை ஏற்றுவதும் அதன் வேலையல்ல. ஆஸ்பத்திரியின் சொந்த அம்பியுலன்ஸோ ஒரு வைத்தியசாலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்படும் நோயாளிக்கு உரியது. இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறவர்களுக்கு இந்த நாட்டில் வண்டி இல்லை.

ஆகவே அந்த மனிதன் என்ன செய்வான்? உண்மையைச் சொன்னால் அழைப்பு நிலையத்தில் இருப்பவர் மறுக்க வேண்டும். “நெஞ்சு நோகுது” என்று ஒரு பொய்யைச் சேர்த்தால் வண்டி வரும். நடக்கமுடியாத தாயை வைத்துக்கொண்டு ஒருவன் சொல்லும் இந்தப் பொய்யைத்தான் நாம் ஒழுக்கக்கேடு என்கிறோம். அவனை அந்தப் பொய்க்குள் தள்ளிய ஏற்பாட்டுக்கு நம்மிடம் பெயரே இல்லை.

ஆனால் இங்கே நான் எனது பக்கத்து நியாயத்தையும் சந்தேகிக்க வேண்டும். அந்தப் பொய்யை ஏழையின் எதிர்ப்பு என்று கொண்டாடுகிற எழுத்தாளர்களும் நம்மிடையே உண்டு. அவர்களோடும் நான் இல்லை. ஒரு வண்டி கிளினிக் நோயாளியோடு வாவியைக் கடந்துகொண்டிருக்கும் அதே வேளையில், பின்னால் ஒரு கிராமத்தில் வயலுக்குள் பாம்பு கடித்தவர் கிடக்கலாம்; பிள்ளைப்பேற்றில் ஒரு பெண்ணுக்கு இரத்தம் நிற்காமல் போகலாம். கொழும்பில் ஒரு வண்டி போனால் அடுத்தது இருக்கும். இங்கே அடுத்தது வெகுதூரத்தில் இருக்கும். காத்துக்கிடப்பவனும் அதே படுவான்கரைக்காரன்தான். ஓர் ஏழை சொல்லும் பொய்யின் விலையை இன்னோர் ஏழைதான் கொடுக்கிறான். வந்து பார்த்து இது அவசரமில்லை என்று கண்டுகொண்ட அம்பியுலன்ஸ் பணியாளரின் நிலையும் இதுதான். ஏற்றினால் வராத நோயாளிக்குத் துரோகம், விட்டுப்போனால் கண்முன் கிடப்பவருக்குத் துரோகம். நாளொன்றுக்குப் பலமுறை இந்தத் தராசை அந்த இளைஞர்களின் கையில் கொடுத்துவிட்டு நாம் வீட்டில் நித்திரை கொள்கிறோம்.

வெறுமையாகத் திரும்பிய வண்டிக்கும் ஒரு நியாயம் உண்டு. வழியில் அழைப்பு வந்தால் திரும்பியாக வேண்டும். தொற்றுநோயாளியை ஏற்றிய வண்டியைச் சுத்தம் செய்யாமல் இன்னொருவரை ஏற்ற முடியாது. விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி வரும். எல்லாம் சரி. ஆனால் தினந்தோறும் ஒரே பாதையில் வெறுமையாகப் போகும் வண்டியும் அதே பாதையில் போக வழியற்ற நோயாளியும் ஒரே வாசலில் நிற்கும்போது, அந்த இரண்டையும் சேர்ப்பதற்கு ஓர் ஒழுங்கை எழுத எவரும் உட்காரவில்லை என்பதுதான் எனது குற்றச்சாட்டு. சட்டம் என்று சாரதி சொன்னது சட்டத்தையல்ல, யோசிக்கப்படாத ஒன்றை.

யோசித்தால் முடியும் என்பதற்குச் சான்று வெளியே தேட வேண்டியதில்லை. 2020 இல் கொரோனா ஊரடங்கின்போது கிளினிக் நோயாளரின் மருந்துகளைத் தபாற்காரர் வீடு தேடிக் கொண்டுவந்தார். அதுவரை முடியாது எனப்பட்டது சில வாரங்களில் முடிந்தது. இங்கிலாந்தில் அவசர அம்பியுலன்ஸ் வேறு, கிளினிக்குக்கும் இரத்தச் சுத்திகரிப்புக்கும் நோயாளியை ஏற்றியிறக்கும் வண்டி வேறு. தமிழ்நாட்டில் 108 ஓடிக்கொண்டிருக்க, பிரசவித்த தாயையும் சேயையும் வீட்டில் விட வேறு வண்டி, இறந்தவரைக் கொண்டுசேர்க்க இலவச அமரர் ஊர்தி. அதே இந்தியாவின் ஒடிசாவில், 2016 ஆகஸ்டில், ஆஸ்பத்திரியில் இறந்த மனைவியின் உடலைத் தோளில் சுமந்து, அழுதபடி வந்த மகளோடு ஒருவர் ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றர் நடந்ததை உலகமே பார்த்தது. வண்டி இல்லாத இடத்தில் மனிதனின் தோள்தான் வண்டியாகும்.

இனி நம் பக்கம். நமது ஊர்களில் ஜனாஸா வாகனம் இருக்கிறது. நல்லது. மையித்தை மரியாதையோடு கொண்டுவருவது நம் எல்லோர் மீதுமுள்ள கடமை. எங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்தில் நானும் இரண்டு வருடம் இருந்தவன். அந்த வாகனம் வாங்கும் தீர்மானத்துக்குக் கை உயர்த்தியவன். பணம் ஒரே கிழமையில் சேர்ந்தது. அதன் பிறகு ஒருமுறை, இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் ஏழைகளுக்காக ஒரு சிறு வான் வாங்கலாம் என்று ஒரு இளைஞர் சொன்னார். பெற்றோல் யார் போடுவது, சாரதிக்குச் சம்பளம் யார் கொடுப்பது, நாளைக்கு எல்லோரும் கேட்பார்களே என்று கேட்டு அதை மூடினோம். கேட்டவர்களில் நானும் ஒருவன். மரணித்த பிறகு ஒருவனுக்காக நிற்கும் வாகனம், அவன் மரணிக்காமலிருக்க ஓடக்கூடாதா என்று அன்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

நான் கோருவது பெரிதல்ல. அவசர வண்டி அவசரத்துக்கே இருக்கட்டும். அதற்குப் பக்கத்தில் இரண்டாவது வண்டி ஒன்று வேண்டும்: படுத்தபடி ஒருவர், சக்கர நாற்காலியில் ஒருவர், துணைக்கு வருபவர்கள் என்று ஏற்றக்கூடிய சாதாரண வான், கிழமையில் குறித்த நாட்களில் குறித்த பாதையில் ஓடுவது. பிரதேச சபையும் வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவும் பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் சேர்ந்தால் இதை நடத்தலாம். வெறுமையாகத் திரும்பும் வண்டிகளுக்குச் சுகாதாரத் திணைக்களம் ஓர் ஒழுங்கை எழுதலாம். கிளினிக்கே மாதமொருமுறை கரையைக் கடந்து போகலாம். செலவு என்பார்கள். 2022 இல் எரிபொருள் வரிசையில் நாடே நின்றதை நானும் மறக்கவில்லை. ஆனால் செலவு இப்போதும் ஆகிக்கொண்டுதானிருக்கிறது. அதை அந்த இளைஞனின் நான்கு நாள் கூலியிலிருந்து எடுக்கிறோம் என்பதால் நமது கணக்கில் தெரியவில்லை.

அந்த வான் எவருடைய பணத்தில் வந்தாலும் அது வாவியின் ஒரு கரைக்கு மட்டும் ஓடக்கூடாது. இந்த மாவட்டத்தில் ஒருவர் கரைக்கு மற்றவர் போகப் பயந்த வருடங்களை இரண்டு சமூகங்களும் அறியும். பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்த இரண்டு பெண்களும் பத்து நாட்களாக ஒரே போத்தல் தைலத்தைப் பகிர்ந்து பூசிக்கொண்டவர்கள். வாசலுக்கு வந்ததும் ஒருவருக்கு வாகனம் இருந்தது, மற்றவருக்கு இல்லை.

‘துஷ்பிரயோகம்’ என்று அடுத்த தடவை எவராவது சொன்னால், அவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் வீட்டுக்கு எதில் வந்தீர்கள்?