வாக்கு வேறு, வித்தியாசம் வேறு!

வெற்றி விழா மேடைகளிலே அதிகம் முழங்கப்படுவது வாக்கு வித்தியாசம். திருவள்ளூர் நாடாளுமன்றத் தொகுதியிலே 2024ஆம் ஆண்டு நம் அணியின் வேட்பாளர் சசிகாந்த் செந்தில் பெற்ற வித்தியாசம் 5,72,155. மகிழத்தக்க வெற்றிதான்; மறுப்பார் இல்லை. ஆனால், களப்பணியாளனின் கடமை கைதட்டலோடு முடிந்துவிடுவதில்லை. கணக்கையும் அவன் பார்த்தாக வேண்டும்.

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர், பூந்தமல்லி, ஆவடி, மாதவரம் எனும் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடங்கியது இந்தத் தொகுதி. தி.மு.க.-காங்கிரஸ் அணி மாநிலத்தில் 27 இடங்களை வென்ற 2009ஆம் ஆண்டிலேயே, இது அ.தி.மு.க.வின் வேணுகோபாலைத் தேர்ந்தெடுத்தது. 2014இல் அவர் பெற்றவை 6,28,499 வாக்குகள். வித்தியாசம் மூன்றே கால் இலட்சத்தை நெருங்கியது. ‘இது எங்கள் கோட்டை’ என்று அன்று அவர்கள் ஆர்ப்பரித்திருந்தால் யார் மறுத்திருக்க முடியும்?

ஐந்தே ஆண்டுகள்! 2019இல் அதே தொகுதி, அதே வேட்பாளர். கிடைத்தவையோ 4,10,337 வாக்குகள். காங்கிரசின் ஜெயக்குமார் 7,67,292 வாக்குகள் பெற்று, 3,56,955 வித்தியாசத்தில் வென்றார். மூன்று இலட்சத்துக்கு மேல் உயர்ந்து நின்ற மதில், மூன்றரை இலட்சம் ஆழத்துக்குச் சரிந்தது!

இனி நம் கணக்கு. 2024இல் நம் அணி பெற்றவை 7,96,956 வாக்குகள். 2019ஐ விட 29,664 மட்டுமே அதிகம். வித்தியாசமோ இரண்டு இலட்சத்துக்கு மேல் கூடியது. எப்படி? 2019இல் ஒரே அணியில் நின்ற அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் 2024இல் பிரிந்து நின்றன. பா.ஜ.க. பெற்றது 2,24,801; அ.தி.மு.க. அணியின் தே.மு.தி.க. பெற்றது 2,23,904. இரண்டையும் கூட்டினால் 4,48,705. அதாவது, 2019இல் எதிரணி பெற்றதை விட அதிகம்! எதிரிகளின் வாக்கு குறையவில்லை, பிளந்தது, அவ்வளவே. பிளவு தந்த வித்தியாசத்தை நம் வளர்ச்சியென்று எண்ணுவது, இரவல் நகையைச் சொந்தச் சொத்தாகக் கணக்கிடுவதற்கு ஒப்பாகும்.

கும்மிடிப்பூண்டிச் சட்டமன்றத் தொகுதியும் இதே பாடத்தைப் புகட்டுகிறது. 2011இல் தே.மு.தி.க., 2016இல் அ.தி.மு.க., 2021இல் தி.மு.க.: மூன்று தேர்தல்கள், மூன்று கட்சிகள்! வயலும் வரப்பும் இருந்த வட்டாரத்திலே சிப்காட் எழுந்தது. உருக்காலைகளும் வார்ப்பாலைகளும் வந்தன. ஒப்பந்தத் தொழிலாளி இன்று ஓர் ஆலை, நாளை ஓர் ஆலை என்று அலைகிறான். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து உலையின் முன் வேகும் தோழர்களில் பலருக்கு வாக்கு சொந்த ஊரிலே, வாழ்வு இங்கே. தந்தை எந்தக் கொடியைப் பிடித்தார் என்று பார்த்து மகன் வாக்களித்த காலம் இங்கே கரைந்து வருகிறது.

இது நம் நாட்டில் மட்டும் காணும் காட்சியன்று. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து மலைப்பகுதியிலே எல்லியட் என்றொரு சிறு மாவட்டம். 1869இல் உருவானது முதல் 2012 வரை, ஒவ்வொரு குடியரசுத் தலைவர் தேர்தலிலும் அது ஜனநாயகக் கட்சிக்கே வாக்களித்தது. 2008இல் நூற்றுக்கு 61 பேர் ஒபாமாவை ஆதரித்தனர். 2012இல் அது பாதிக்கும் சற்றுக் கீழே இறங்கியது. ஆயினும் வெற்றி வெற்றிதானே என்றிருந்தனர்! 2016இல் நூற்றுக்கு எழுபது பேர் டிரம்ப்பின் பக்கம் போயினர். நூற்றாண்டுக்கும் மேலான கோட்டை ஒரே நாளில் விழவில்லை. அரிப்பு முன்பே தொடங்கியிருந்தது. வென்றவர் கண்ணுக்கு அது தெரியவில்லை.

தோழர்களே! வித்தியாசத்தைப் பார்த்து மயங்காதீர். வாக்குச்சாவடி வாரியாக வாக்கை எண்ணுங்கள். எந்தச் சாவடியில் குறைந்தோம், எந்தத் தெருவில் நம் முகமே தெரியவில்லை என்று கேளுங்கள். ஆலை வாயிலிலே பணிமுறை மாறும் நேரத்தில் நில்லுங்கள். கூலியும் பாதுகாப்பும் காற்றும் குடிநீரும் பற்றித் தொழிலாளி சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். வாக்கில்லாத தொழிலாளிக்காகவும் வாதாடுங்கள். வாக்குள்ளவன் அதைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

எதிரிகள் என்றும் பிரிந்தே நிற்பார்கள் என்பதற்கு எவரும் உறுதி தரவில்லை. அவர்கள் சேரும் நாளிலும் வெல்லத்தக்க வலிவு நமக்கு வேண்டும். அந்த வலிவு மேடையிலே பிறப்பதில்லை. மக்கள் நடுவிலே பிறக்கிறது.