உறைபனி ஆண்டின் சிவப்பு ஒயின்: தரம் தப்பியது, விளைச்சல் தப்பவில்லை

பிரான்ஸில் 2021 மார்ச் இறுதியில் நிலவிய வெப்பத்தால் திராட்சைக் கொடிகள் முன்கூட்டியே துளிர்த்தன. ஏப்ரல் உறைபனியில் அத்துளிர்கள் கருகின. கோடை மழையால் அடிச்சாம்பல் நோயும் பரவியது.

எனினும், போர்தோ பகுதியின் முன்னணிப் பண்ணைகள் அவ்வாண்டிலும் தரமான சிவப்பு ஒயினைத் தயாரித்தன. முன்னதாகத் துளிர்க்கும் மெர்லோ ரகம் கடுமையாகப் பாதிக்கப்பட்டபோதும், தாமதமாகத் துளிர்க்கும் கேபர்னே சாவிக்னான் ரகம் பெருமளவு தப்பியது. பழுதான பழங்களைக் கழித்ததும் கைகொடுத்தது.

கழிவால் ஏற்படும் இழப்பை உயர்ந்த விலையால் ஈடுகட்டப் பெரும்பண்ணைகளால் இயலும். ஆனால், மலிவு விலையில் விற்கும் சிறு விவசாயிகளுக்கு விளைச்சலின் அளவே வருவாய்.

புவி வெப்பமயமாதல் இத்தகைய உறைபனிச் சேதத்தின் சாத்தியத்தைச் சுமார் 60 சதவீதம் உயர்த்தியதாகப் பன்னாட்டு அறிவியலாளர்களின் ஆய்வு மதிப்பிட்டது. எனவே, முன்னணிப் பண்ணைகளின் தரத்தைக் கொண்டு மட்டும் அந்த ஆண்டை மதிப்பிட இயலாது.