பையில்லாத உடுப்பு

யூதர் வீட்டில் ஒரு பெண் காலமானால், அவளைக் குளிப்பாட்டுவது பெண்களேதான், தெரியுமோ சகோதரிகளே? இதற்கென்றே ஊருக்கு ஊர் சங்கம் உண்டு. பிராக் நகரத்துச் சங்கம் 1564-ல் ஏற்பட்டது. உடலைப் போர்த்தியபடியே, கழுவும் பாகத்தை மட்டும் விலக்கிக் கழுவுவார்கள். உடலுக்கு மேலாக ஒரு சாமானைக்கூடக் கைமாற்ற மாட்டார்கள், சுற்றிக்கொண்டுதான் போவார்கள். அப்புறம் வெள்ளை உடுப்பு. அதில் பையே கிடையாது! மிச்சம் பிடித்ததை எதில் போட்டுக்கொண்டு போவது? பணக்காரிக்கும் ஏழைக்கும் ஒரே மாதிரிதான். முற்காலத்தில் சாவுச் செலவுக்குப் பயந்து, உறவினர்களே உடலைப் போட்டுவிட்டு ஓடினார்களாம். ரப்பான் கமாலியேல் என்ற பெரியவரை எளிய லினன் துணியில் எடுத்துப்போன பிறகே வழக்கம் மாறியது என்கிறது தால்முத். எல்லாம் முடிந்ததும் அந்தப் பெண்கள் இறந்தவளைப் பெயர் சொல்லி அழைத்து, “எங்களால் ஏதும் குறை நேர்ந்திருந்தால் மன்னித்துவிடம்மா” என்று கேட்டுக்கொள்வார்கள்.