எந்தத் தற்காப்பு வித்தை பழகலாம்?

இப்போது நம் பட்டணங்களிலும் பெரிய கிராமங்களிலும் கராத்தே, சிலம்பம், ஜூடோ, குத்துச்சண்டை முதலிய வித்தைகளைக் கற்றுக்கொடுக்கும் இடங்கள் பெருகி வருகின்றன. பெற்றோர்கள் ஆண் பிள்ளைகளை மாத்திரமல்லாமல் பெண் பிள்ளைகளையும் கொண்டுபோய்ச் சேர்க்கின்றார்கள். இது சந்தோஷப்படத்தக்க விஷயம் என்பதில் நமக்கு ஆட்சேபணை கிடையாது. அடித்தால் குனிந்து கொடுப்பதே தர்மம் என்று பழக்கப்படுத்தப்பட்ட ஒரு நாட்டில், குனியாமல் நிற்கக் கற்றுக்கொள்ளுவதே பெரிய காரியந்தான்.

ஆனால், மாடு வாங்குகிறவன் அதன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான். மண்பானை வாங்குகிறவள் விரலால் தட்டி ஓசை கேட்டு வாங்குகிறாள். அப்படிப்பட்ட நம் ஜனங்கள், தங்கள் உயிரையும் தங்கள் பெண்மக்களின் உடலையும் காப்பாற்றும் என்று நம்பி ஒரு வித்தையைக் கற்கப் போகும்போது மட்டும் எதையும் தட்டிப் பார்ப்பதில்லை. “இது ஐயாயிரம் வருஷத்துக் கலை, சித்தர்கள் கொடுத்தது, எங்கள் ஆசானைப் போல் உலகத்திலேயே கிடையாது” என்று சொல்லிவிட்டால், உடனே பணத்தைக் கட்டிவிட்டுக் காலில் விழுந்து எழுந்திருக்கிறார்கள். பழமைதான் யோக்கியதைக்கு அடையாளம் என்றால் பெரியம்மையும் பழமையானதுதானே! அதை ஏன் உலகமே கூடி ஒழித்தது என்று கேட்கின்றோம்.

இந்த விஷயத்தில் மூடநம்பிக்கையானது காசை மாத்திரம் தின்பதோடு நிற்பதில்லை, ஆளையே தின்றுவிடும். 1900ஆம் வருஷத்தில் சீன தேசத்தில் அந்நிய நாட்டார் ஆதிக்கத்தை எதிர்த்துக் கிளம்பிய கூட்டத்தாருக்கு ஆங்கிலத்தில் “பாக்ஸர்கள்” என்று பெயர். சில சடங்குகளைச் செய்து, சில உடற்பயிற்சிகளைப் பழகினால் தேவதைகள் உடம்பில் இறங்கும், பிறகு துப்பாக்கிக் குண்டு மேலே பாயாது என்பது அவர்களில் பலருடைய நம்பிக்கை. குண்டு பாய்ந்தது, ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். ஐந்து வருஷம் கழித்து, 1905இல், இன்று தான்சானியா என்று சொல்லப்படும் நாட்டில் ஜெர்மானியர் கொடுமையை எதிர்த்து ஜனங்கள் எழுந்தார்கள். மந்திரித்த தண்ணீரைத் தெளித்துக்கொண்டால் ஜெர்மானியர் சுடும் குண்டு தண்ணீராகிவிடும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அந்தத் தண்ணீருக்கு அவர்கள் பாஷையில் “மாஜி” என்று பெயர். அதனால் அந்தக் கலகத்திற்கே “மாஜி மாஜி” என்று பெயர் வந்தது. அங்கும் குண்டு குண்டாகவே வந்தது.

இந்த ஜனங்களின் வீரத்தை நாம் ஒரு நாளும் குறைத்துப் பேசமாட்டோம். அவர்கள் பக்கத்தில் நியாயம் இருந்தது, துணிவும் இருந்தது. அவ்வளவு துணிவையும் நியாயத்தையும் ஒரு சொம்புத் தண்ணீரும் ஒரு மந்திரமும் வீணாக்கிவிட்டனவே என்பதுதான் நமது ஆத்திரம்.

“அதெல்லாம் பழைய கதை, இப்போது யார் அப்படி நம்புகிறார்கள்?” என்று சிலர் கேட்கலாம். 2006இல் ஜப்பானில் ஒரு பெரியவர், தொடாமலேயே “கி” என்னும் சக்தியால் ஆட்களைத் தூக்கி எறிவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய சீடர்கள் அவர் கையை அசைத்தவுடனே கும்பல் கும்பலாக விழுந்தும் காட்டினார்கள். அந்த நம்பிக்கையில் அவர் பந்தயம் கட்டி ஒரு சண்டை வீரரை எதிர்த்து நின்றார். அந்த வீரர் அவருக்குச் சீடர் அல்லவே! ஆகவே விழவில்லை. இரண்டொரு அடியில் பெரியவர்தான் மூக்கில் இரத்தத்தோடு விழுந்தார். 2017இல் சீனாவில் ஷூ சியாவ்தோங் என்னும் கலப்புச் சண்டை வீரர், தாய்ச்சி ஆசான் ஒருவரை அரை நிமிஷத்திற்குள் கீழே தள்ளினார். அதைக் கண்ட பிறகாவது வித்தையைச் சோதித்துப் பார்த்தார்களா என்றால், அதுதான் இல்லை. சோதித்தவனையே ஏசினார்கள்.

இதிலிருந்து தாய்ச்சி வீண் என்று நாம் சொல்லவரவில்லை. வயது முதிர்ந்தவர்கள் அதைப் பழகினால் கால் தடுமாறிக் கீழே விழுவது குறைகின்றது என்று வைத்தியர்கள் ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். எழுபது வயதில் இடுப்பெலும்பு முறியாமல் இருப்பதைவிடப் பெரிய தற்காப்பு வேறு என்ன? ஆனால், விழாமல் இருக்க உதவும் வித்தையை வீழ்த்துகிற வித்தை என்று விற்பதுதான் மோசம்.

நம் நாட்டு வர்மத்தைப் பற்றியும் இதையேதான் சொல்ல வேண்டும். கண், தொண்டை, விரை முதலிய இடங்களில் அடிபட்டால் தாங்காது என்பது மெய். அதற்கு ஓலைச்சுவடி வேண்டியதில்லை. தெருவில் விளையாடும் சிறுவனுக்கும் தெரியும். ஆனால், ஒரு விரலால் தொட்டால் இத்தனை நாழிகையில் சாவான், இத்தனை நாளில் சாவான் என்பதும், அந்த இரகசியத்தைப் பன்னிரண்டு வருஷம் பணிவிடை செய்தால்தான் சொல்லுவேன் என்பதும் எந்த வகையைச் சேர்ந்தவை? எந்த விஷயம் வெளிச்சத்திற்கு வர மறுக்கின்றதோ அதில் ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொள்ளுவதே புத்திசாலித்தனம்.

அப்படியானால் எதை வைத்து வித்தையின் யோக்கியதையை அளப்பது? இதற்கு ஜப்பானியரான கானோ ஜிகோரோ என்பவர் 1882ஆம் வருஷத்திலேயே வழி காட்டினார். அவர் பழைய ஜூஜுட்ஸு வித்தைகளைக் கற்றவர். அவற்றில் எவையெல்லாம் முழு பலத்தோடு பழகினால் கூட்டாளியின் கை காலை ஒடித்துவிடுமோ அவற்றைப் பயிற்சிச் சண்டையிலிருந்து விலக்கினார். மிஞ்சிய பிடிகளையும் எறிதல்களையும் கொண்டு, எதிரி தன்னால் ஆனமட்டும் எதிர்க்க, இவனும் தன்னால் ஆனமட்டும் முயல, இருவரும் தினந்தோறும் மெய்யாகவே மல்லுக்கு நிற்கும்படி செய்தார். பன்னிரண்டு பாய் விரித்த சிறு இடத்தில் ஆரம்பமான அந்தப் பயிற்சிதான் இன்று உலகமெங்கும் பரவியிருக்கும் ஜூடோ. 1964இல் ஒலிம்பிக்கிலும் அது இடம் பெற்றது.

இதில் அடங்கிய தத்துவம் மிகவும் சாதாரணமானது. கொல்லும் அடி என்று சொல்லிக்கொண்டு ஒரு நாளும் யார் மேலும் அடித்துப் பாராத நூறு அடிகளைவிட, எதிர்க்கிறவன் மேல் ஆயிரம் தடவை பழகிய ஒரு சாதாரணப் பிடி மேலானது. நீச்சல் சாஸ்திரத்தைக் கரையில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தவன் கிணற்றில் மிதப்பானா? குத்துச்சண்டையும், நம் ஊர் மண் குழிக் குஸ்தியும், ஜூடோவும் வீண் போகாததற்குக் காரணம் அவற்றில் மந்திரம் இல்லை, மல்லுக்கு நிற்பது உண்டு என்பதே.

1993இல் அமெரிக்காவில் டென்வர் நகரத்தில், பலவித வித்தைக்காரர்களை எடை வித்தியாசம் பார்க்காமல் ஒருவரோடொருவர் மோதவிட்டபோது, மெலிந்த உடம்புக்காரரான ராய்ஸ் கிரேசி என்னும் பிரேசில்காரர் ஒரே இரவில் மூவரைத் தோற்கடித்தார். அவருடைய வித்தை கானோவின் சீடர் ஒருவர் பிரேசிலுக்குப் போய்க் கற்றுக்கொடுத்ததிலிருந்து வளர்ந்தது. அந்தப் போட்டியை ஏற்பாடு செய்தவர்களில் அவருடைய அண்ணனும் ஒருவர் என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் அதற்குப் பின் நடந்த எத்தனையோ போட்டிகளில், தரையில் கட்டிப் புரளத் தெரியாதவன் நிலைக்கவில்லை.

இனி, பெல்ட் சமாச்சாரம். கறுப்பு பெல்ட் என்பது ஏதோ ஆதிகாலந்தொட்டு வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் கானோவின் பள்ளியில் ஏற்பட்ட வழக்கந்தான். இடையிலுள்ள மஞ்சளும் பச்சையும் நீலமும் பிறகு ஐரோப்பாவில் பரவிய ஏற்பாடு. பழகுகிறவனுக்கு உற்சாகம் உண்டாக்க அது உதவுமானால் உதவட்டும். ஆனால் மூன்று மாதத்திற்கு ஒரு நிறமும், நிறத்திற்கு ஒரு பரீட்சைக் கட்டணமும் என்று ஆகிவிட்டால், அது வித்தையல்ல, வியாபாரம். பூணூல் போட்டுக்கொண்டதால் அறிவு வராததுபோலவே, பெல்ட் கட்டிக்கொண்டதால் கை பலமும் வராது.

அடுத்தபடியாக, ஆசானைப் பற்றி. ஏகலைவன் கதையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். வேடன் மகன் என்பதால் வில்வித்தை கற்றுக்கொடுக்க மறுத்தவன் துரோணன். தானாகவே கற்றுத் தேர்ந்தவனிடம் வந்து கட்டை விரலைத் தட்சிணையாகக் கேட்டவனும் அவனேதான். கதைதானே என்று விட்டுவிடலாம். ஆனால் இந்தத் துரோணாச்சாரி பெயரில் மத்திய சர்க்கார் 1985 முதல் சிறந்த விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்கு விருது கொடுத்து வருகின்றதே, அதற்கு என்ன சொல்லுவது? சீடன் விரலை வாங்கியவன் பெயர்தானா வாத்தியார்களுக்குக் கிடைத்தது?

தோழர்களே! ஆயுதமும் வித்தையும் ஒரு சிலருக்கே உரியவை என்று வைத்தது தற்செயலாக நடந்ததல்ல. மனுதர்மம் ஆயுதத்தை ஒரு வருணத்திற்கு ஒதுக்கிற்று. வெள்ளைக்கார சர்க்காரின் 1878ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் இந்தியர்களை லைசென்சு கேட்கச் சொல்லி, ஐரோப்பியரை விட்டுவிட்டது. அடிக்கிறவன் எப்போதும் அடிபடுகிறவன் கையைத்தான் முதலில் கட்டுவான். ஆகவே எந்தக் கூடத்தில் ஜாதி கேட்கிறார்களோ, எங்கே பெண்ணுக்கு இடம் இல்லையோ, அங்கே எவ்வளவு பெரிய வித்தை இருந்தாலும் நமக்கு வேண்டாம்.

பெண்களுக்குத்தான் இது முக்கியமாக வேண்டும். இங்கிலாந்தில் பெண்கள் ஓட்டுரிமைக்காகப் போராடியபோது, போலீசார் அவர்களை அடித்து இழுத்துச் சென்றார்கள். ஐந்தடி உயரங்கூட இல்லாத எடித் காருட் என்னும் அம்மையார் ஜூஜுட்ஸு கற்றவர். 1913இல் போராட்டத் தலைவிகளைக் காப்பதற்கென்று ஏற்பட்ட பெண்கள் படைக்கு அவர்தான் பயிற்சி கொடுத்தார்.

கனடா தேசத்தில் மூன்று சர்வகலாசாலைகளில் 893 மாணவிகளைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி ஒன்று 2015இல் வெளிவந்தது. ஒரு பகுதியாருக்கு மொத்தம் 12 மணி நேரப் பயிற்சி கொடுத்தார்கள். மற்றப் பகுதியாருக்குச் சிறு புத்தகங்கள் மட்டுமே கொடுத்தார்கள். ஒரு வருஷத்திற்குள் பலாத்காரத்துக்கு ஆளானவர்கள் பயிற்சி பெறாதவர்களில் 100க்கு 9.8, பயிற்சி பெற்றவர்களில் 100க்கு 5.2. அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் கற்பித்தது வெறும் அடிதடி மட்டுமல்ல. தீங்கு செய்கிறவன் பெரும்பாலும் தெரிந்தவனாகவே இருப்பான் என்பது, ஆபத்தின் அறிகுறியை ஆரம்பத்திலேயே கண்டுகொள்ளுவது, “இவர் என்ன நினைப்பாரோ” என்ற கூச்சத்தை விட்டுக் கத்துவது, எதிர்ப்பது என்பவையெல்லாம் அதில் சேர்ந்திருந்தன. “சத்தம் போடாதே, அடக்கமாயிரு” என்று பிறந்தது முதல் நாம் போதித்து வருகிறோமே, அந்தப் போதனை யாருக்கு உதவுகின்றது என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். ஆனாலும் பெண் கற்றுக்கொள்ளவில்லை என்பதால் குற்றம் அவளுடையதாகிவிடாது. குற்றம் செய்கிறவனுடையதே.

ஆகவே ஒரு கூடத்தில் சேருமுன் இவற்றைப் பாருங்கள்:

1. எதிர்க்கிற ஆளோடு வாரந்தோறும் மெய்யாகப் பழகுகிறார்களா, அல்லது காற்றில் கை வீசுவதோடு சரியா?

2. “ஏன்?” என்று கேட்டால் வாத்தியார் காரணம் சொல்லுகிறாரா, அல்லது கோபித்துக்கொள்ளுகிறாரா?

3. கட்டணம் முழுவதையும் முதலிலேயே சொல்லுகிறார்களா?

4. பெண்களும் எல்லா ஜாதியாரும் ஒரே பாயில் பழகுகிறார்களா?

5. காயம் படாமலிருக்க என்ன ஏற்பாடு? குத்துச்சண்டையில் தலையில் ஓயாமல் அடிபடுகிறவர்களுக்கு மூளை கெடுகின்றது என்று மார்ட்லண்ட் என்னும் அமெரிக்க வைத்தியர் 1928லேயே எழுதினார். ஆகவே சிறு பிள்ளைகள் தலையில் குத்துவிடும் இடத்திற்கு அவர்களை அனுப்பாதீர்கள்.

உடம்பைப் பேணுவதே முக்கியம் என்போருக்கு எந்த வித்தையும் ஆகும். வாரத்திற்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமாக உடல் உழைக்க வேண்டும், இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் சொல்லியிருக்கின்றது. நம் சிலம்பத்திற்கு ஒரு மூங்கில் கழியும் கொஞ்சம் வெட்டவெளியும் போதும், ஏழைக்கு ஏற்றது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா விளையாட்டில் அதற்கு இடமும் கிடைத்தது. ஆனால் கழியைச் சுழற்றிக் கைதட்டல் வாங்குவதோடு நிற்காமல், எதிராளோடு கழி மோதிப் பழகும் கூடத்தைத் தேடுங்கள். ஜூடோவிலோ முதல் பாடமே அடிபடாமல் விழுவதுதான். மனிதன் ஆயுளில் சண்டை போடுவதைவிடச் சைக்கிளிலிருந்து விழுவதே அதிகமாதலால், அந்த ஒரு பாடத்திற்கே கொடுத்த பணம் தகும்.

கடைசியாக ஒன்று. கத்தி வைத்திருப்பவனிடம் பணப்பையைக் கொடுத்துவிட்டு ஓடுவதே மேலான தற்காப்பு. ஓட முடியாதபோதுதான் கையை உபயோகிக்க வேண்டும். 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைக் கொடுக்கின்றன. தற்காப்புக்கு வேண்டிய அளவுக்கு மேல் அடிக்கும் உரிமையைக் கொடுக்கவில்லை. விழுந்தவனை மிதிக்கிறவன் தற்காப்புக்காரன் அல்ல, அவனும் ஒரு போக்கிரியே.

ஆகவே வாலிபர்களும் பெண்களும் வித்தை பழக வேண்டியது அவசியம். பழகப் போகுமிடத்துக்குக் கண்ணையும் வாயையும் கூடவே எடுத்துக்கொண்டு போங்கள். காலில் விழச் சொல்லுகிற இடத்தில், எதிர்த்து நிற்கக் கற்றுக்கொள்ள முடியாது.